ஆப்பெழுத்துத் தொல்பொருள்கள்

ஆப்பெழுத்து என்பது இன்றைய ஈராக்கின் தென்பகுதியில் ஏறத்தாழ கி.மு. 3200 அளவில் தோன்றி, மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் வழக்கில் இருந்த எழுத்துமுறையாகும். நாணல் குச்சியின் முனையை ஈரக் களிமண்ணில் அழுத்தும்போது ஒரு புறம் அகன்றும் மறு புறம் கூர்ந்தும் ஆப்பு வடிவில் பதிவதால் இப்பெயர் வந்தது. சுமேரியர் தொடங்கிய இம்முறையை அக்காடியர், எலாமியர், ஹிட்டைட்டுகள், பாரசீகர் எனப் பலரும் தத்தம் மொழிகளுக்கு எடுத்துக்கொண்டனர். இவ்வெழுத்தைத் தாங்கிய பொருள்களுள் பெரும்பாலானவை களிமண் பலகைகளே. நகரங்களை அழித்த தீ பாப்பிரசையும் மரத்தையும் சாம்பலாக்கியபோது, களிமண்ணைச் சுட்டு இறுகச் செய்ததால், பேரழிவுகளே அப்பலகைகள் பலவற்றைக் காப்பாற்றித் தந்தன.

எழுதியதை யார் படிக்க வேண்டும் என்பதைப் பொறுத்து எழுத்தைத் தாங்கும் பொருளின் வடிவமும் இருக்கும் இடமும் மாறின. எல்லாரும் காணவேண்டும் என்று நிறுத்தப்பட்டவற்றுள் தலையாயது பாபிலோனிய மன்னன் ஹமுராபியின் (ஆட்சி கி.மு. 1792–1750) சட்டத் தூண். சுமார் 2.25 மீட்டர் உயரமுள்ள இக்கருங்கல்லின் உச்சியில், அமர்ந்திருக்கும் கதிரவக் கடவுள் ஷாமாஷின் முன் மன்னன் நிற்கும் காட்சி புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்க, அதன் கீழே ஏறத்தாழ 282 விதிகள் அக்காடிய மொழியில் பொறிக்கப்பட்டுள்ளன. உயர்குடியினன் ஒருவனின் கண்ணைக் கெடுத்தவன் தன் கண்ணை இழப்பான் என்றும், கெட்டது எளிய குடியினனின் கண்ணானால் ஒரு மினா, அதாவது அரைக் கிலோ அளவு, வெள்ளி கொடுத்தால் போதும் என்றும், அடிமையின் கண்ணானால் அவனது விலையில் பாதி கொடுக்க வேண்டும் என்றும் அவை வகுக்கின்றன. நீதியின் பழம்பெரும் சின்னமாக இத்தூணைப் போற்றுவோர் இந்த ஏற்றத்தாழ்வையும் சேர்த்தே படிக்க வேண்டும். எனினும், அநீதி இழைக்கப்பட்டவன் இக்கல்லின் முன் வந்து வாசிக்கக் கேட்டுத் தன் வழக்குக்கு உரியதை அறிந்துகொள்ளட்டும் என்று முடிவுரையில் மன்னன் கூறுவது, ஆள்வோர் வாக்கில் அரிதாகக் காணப்படும் ஒன்று. கி.மு. 12-ஆம் நூற்றாண்டில் எலாமிய மன்னன் ஷுத்ருக்-நஹ்ஹுந்தே இதனைக் கொள்ளைப் பொருளாகச் சூசாவுக்குக் கொண்டுசென்றான். தூணின் அடிப்பகுதியில் சில பத்திகள் தேய்த்து அழிக்கப்பட்டிருப்பது, அவன் தன் பெயரைப் பொறிக்க எண்ணியதால் என்று கருதப்படுகிறது. ஆனால் அவ்விடம் வெறுமையாகவே உள்ளது. 1901–1902-இல் ஜாக் தெ மோர்கன் தலைமையிலான பிரெஞ்சுக் குழு சூசாவில் கண்டெடுத்த இத்தூண் பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது.

இதற்கு நேர்மாறாக, மனிதர் கண்ணில் படாதபடி கட்டடங்களின் அடித்தளத்திலும் சுவரிலும் புதைக்கப்பட்ட உருளைகளும் பல முகப் பட்டகங்களும் உண்டு. அவற்றின் வாசகர்கள் தெய்வங்களும், பிற்காலத்தில் அக்கட்டடத்தைப் பழுதுபார்க்கப்போகும் மன்னர்களும் ஆவர். கி.மு. 539-இல் பாபிலோனைக் கைப்பற்றிய பாரசீக மன்னன் சைரசின் சுடுமண் உருளை இவ்வகையைச் சார்ந்தது. ஏறத்தாழ 22 சென்டிமீட்டர் நீளமுள்ள இதனை 1879-இல் ஹொர்முஸ்த் ரஸ்ஸாம் பாபிலோனில் கண்டெடுத்தார். இன்று இது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாபிலோனின் பெருந்தெய்வமான மர்துக்கே சைரசைத் தேர்ந்தெடுத்தார் என்றும், அவன் போரின்றி நகருக்குள் நுழைந்து, இடம்பெயர்க்கப்பட்ட தெய்வத் திருமேனிகளை அவற்றின் கோயில்களுக்கும் மக்களை அவர்தம் ஊர்களுக்கும் திருப்பி அனுப்பினான் என்றும் அது கூறுகிறது. இதனை உலகின் முதல் மனித உரிமைப் பட்டயம் என்று அழைப்பது மிகைக்கூற்று. வெற்றி பெற்ற மன்னன் உள்ளூர்த் தெய்வத்தின் பெயரால் தன் ஆட்சியை நிலைநாட்டும் பழைய பாபிலோனிய மரபிலேயே இவ்வுருளை நிற்கிறது.

அசீரிய மன்னன் முதலாம் திக்லத்-பிலேசரின் பட்டகம் வேறொரு வகையில் சிறப்புடையது. ஆப்பெழுத்தைப் படித்துவிட்டதாக அறிஞர்கள் கூறியதைப் பலர் நம்பாதிருந்த நிலையில், 1857-இல் ராலின்சன், ஹிங்க்ஸ், ஓப்பர், டால்பட் ஆகிய நால்வர் அப்பட்டக வாசகத்தைத் தனித்தனியே மொழிபெயர்த்து முத்திரையிட்ட உறைகளில் அளித்தனர். அம்மொழிபெயர்ப்புகள் பெரிதும் ஒத்திருந்ததால் ஐயம் நீங்கியது.

மக்களின் கற்பனையைப் பெரிதும் கவர்ந்தது நினவே நகரின் வெள்ளப் பலகையாகும். கி.மு. 7-ஆம் நூற்றாண்டு அசீரிய மன்னன் அசுர்பானிபாலின் நூலகத்தைச் சேர்ந்த இது, கில்கமேஷ் காப்பியத்தின் பதினொன்றாம் பகுதியைத் தாங்கியுள்ளது. இளமையில் பணத்தாள் அச்சுக்குச் செதுக்குத் தொழில் பயின்றவரும், ஆப்பெழுத்தைத் தம் முயற்சியாலேயே கற்றவருமான ஜார்ஜ் ஸ்மித், பெருவெள்ளம், கப்பல், நிலம் தேடிப் பறக்கவிடப்பட்ட பறவைகள் ஆகியவை அடங்கிய கதையை இதில் படித்து 1872 டிசம்பரில் லண்டனில் வெளியிட்டார். விவிலியத்தின் நோவா கதைக்கு அதனினும் பழைய உறவுக் கதை உண்டு என்ற செய்தி ஐரோப்பாவை உலுக்கியது.

அரசர்க்கும் புலவர்க்கும் அப்பால், அன்றாட வாழ்வின் பலகைகள் எண்ணிக்கையில் மிகுதி. கடன் முறி, கூலிக் கணக்கு, பள்ளிப் பயிற்சி ஆகியவற்றோடு, களிமண் உறைக்குள் இட்டு அனுப்பிய கடிதங்களும் கிடைத்துள்ளன. ஊர் என்ற பழம்பெரு நகரில் கிடைத்த, கி.மு. 1750 அளவைச் சேர்ந்த ஒரு கடிதத்தில், தரம் குறைந்த செம்பைக் காட்டியதற்காகவும் தாம் அனுப்பிய ஆளை அவமதித்ததற்காகவும் நன்னி என்பவர் ஈயா-நாசிர் என்ற வணிகரைக் கடிந்துகொள்கிறார். பலகையின் இரு பக்கமும் நெருக்கி எழுதப்பட்ட அந்த மனக்கொதிப்பு, எந்த அரசனின் வெற்றி முழக்கத்தையும்விட அம்மக்களை நமக்கு அணுக்கமாக்குகிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்திலுள்ள பிளிம்ப்டன் 322 என்னும் பலகையோ, செங்கோண முக்கோணப் பக்கங்களுக்குரிய எண்களை அறுபதின் அடிப்படையிலான எண்முறையில் 15 வரிசைகளாகத் தருகிறது. பிதாகரசுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அவ்வெண் உறவு பாபிலோனியர்க்குத் தெரிந்திருந்தது என்பதற்கு அது சான்று.

உருவில் மிகச் சிறியவை உருளை முத்திரைகள். ஈரக் களிமண்ணில் உருட்டினால் படமும் பெயரும் தொடராகப் பதியும் இக்கல் முத்திரைகளுள் ஒன்று, அக்காடியப் பேரரசுக் காலத்து ஷு-இலிஷு என்பவருடையது. லூவரில் உள்ள அதன் வாசகம் அவரை மெலுஹ்ஹா மொழியின் மொழிபெயர்ப்பாளர் என்கிறது. மெலுஹ்ஹா என்பது சிந்துவெளிப் பகுதியே என்று அறிஞர் பலர் கொள்வதால், இன்றுவரை படிக்கப்படாத எழுத்தை விட்டுச்சென்ற மக்களின் பேச்சைப் புரிந்துகொண்ட ஒருவரின் பெயர் இதன்வழி நமக்குக் கிடைத்துள்ளது.