மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்கள்

எங்கட கடையில் வேலை செய்யிற தம்பி ஒருவர் போன மாதம் ஒரு பழைய ஹொண்டா சி90 வாங்கிக்கொண்டு வந்தார். 1983 ஆம் ஆண்டுச் சாமான். நாற்பது வயது தாண்டினதால் அதை வரலாற்று வாகனம் எண்டு பதியலாம். வீதி வரி இல்லை. 2023 ஓகஸ்ட் 29 இல் லண்டன் முழுக்க வந்த 12.50 பவுண் புகைக் கட்டணமும் அதற்கு இல்லை. பெடியன் கணக்குப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறார்.

ஆனால் வண்டிக்கு ஒரு வருத்தம். ஓடும்போது நல்லா ஓடும். குட்மேய்ஸ் ஹை றோட்டில் சிவப்பு லைற்றுக்கு நிப்பாட்டினால் உடனே நூர்ந்து போகும். பின்னால பஸ்காரன் கோர்ன் அடிக்க, இவர் நிண்டு உதைச்சுக் கொண்டிருப்பார்.

"அண்ணை, ஓடேக்க ஒண்டும் இல்லை. நிண்டாத்தான் நூருது. ஏன்?" எண்டு கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு வரவில்லை. 1990 இலிருந்து 1995 வரை யாழ்ப்பாணத்தில் ஓடின மோட்டார் சைக்கிள்கள் எல்லாவற்றுக்கும் இதே வருத்தம் இருந்தது. அந்தக் கதையை எழுத வேணும் எண்டு கனநாளாக நினைத்திருந்தேன். இப்ப எழுதுகிறேன்.

1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியது. ஆனையிறவுப் பாதை மூடுப்பட்டது. மின்சாரம் நின்றது. அரசாங்கம் வடக்குக்குப் பொருளாதாரத் தடை போட்டது. பெற்றோல், பற்றறி, சீமெந்து, உரம் எண்டு பட்டியல் நீளம். எனக்கு அப்ப பன்னிரண்டு வயது. சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்டது, ஜாம் போத்தல் விளக்கில் படிச்சது எல்லாம் அந்தக் காலம்தான்.

பெற்றோல் இல்லை எண்டால் வண்டி ஓடாதுதானே? ஆனால் ஓடியது. ஏ40, மொறிஸ் மைனர் போன்ற பழைய இங்கிலாந்துக் கார்களும், எம்.டி.90, சி90 போன்ற ஹொண்டாக்களும் மண்ணெண்ணெயில் ஓடின. எம்.டி.90 எண்டது ஜப்பானில் தபால்காரர் ஓடின சிவப்பு வண்டி. அது பழசாகி எங்கட ஊருக்கு வந்தது. கிளச் பிடிக்கத் தேவையில்லை. பாரம் ஏத்தினாலும் இழுக்கும். எங்கட அப்பாவிடமும் ஒன்று இருந்தது.

பெற்றோல் கடும் குளிரிலும் ஆவியாகும். பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையிலும் அதன் ஆவி தீப்பிடிக்கும். மண்ணெண்ணெய்க்கு 38 பாகைக்கு மேலே சூடு வேணும். ஆகவே குளிர்ந்த இஞ்சினை மண்ணெண்ணெயில் ஸ்ராட் பண்ண ஏலாது. முதலில் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, இஞ்சின் சூடான பிறகுதான் மண்ணெண்ணெயைத் திறக்க வேணும். கண்ணுக்கு விடுகிற மருந்துப் போத்தலில் பெற்றோலை வைத்து, காபரேற்றருக்குக் காற்றுப் போகிற வாயில் நாலு சொட்டுப் பீச்சி விட்டு, ஓடிவந்து உதைப்பார்கள். அந்தச் சின்னப் போத்தலைத் தங்கம் மாதிரிப் பார்த்தார்கள்.

ஓடத் தொடங்கினால் பிரச்சினை குறைவு. பிரச்சினை நிப்பாட்டும்போதுதான். அக்சிலேற்றரை விட்டவுடன் காபரேற்றரின் பெரிய வழி மூடுப்படும். சின்ன ஜெற் வழியாக வருகிற கொஞ்ச எண்ணெய்தான் இஞ்சினை உயிரோடு வைத்திருக்கும். அந்த நேரம் இஞ்சினின் சூடும் குறையும். மண்ணெண்ணெய் ஆவியாகாமல் துளியாகவே உள்ளே போகும். பிளக்கில் கரி பிடிக்கும். வண்டி நூர்ந்து போகும். அதனால் சந்தியில் யாரும் சும்மா நிற்க மாட்டார்கள். நியூற்றலில் போட்டு முறுக்கிக் கொண்டே நிற்பார்கள். வெள்ளைப் புகை ஊரெல்லாம் மணக்கும்.

எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் பக்கத்தால் இறங்கி இஞ்சின் ஒயிலோடு கலந்து ஒயிலைத் தண்ணியாக்கும். அதனால் இஞ்சின் சீக்கிரம் தேயும். கெட்டிக்கார மெக்கானிக்மார் ஒயிலை அடிக்கடி மாத்தச் சொல்லுவார்கள். ஒயிலுக்கு எங்கே போவது?

லண்டனுக்கு வந்த பிறகுதான் ஒரு விசயம் அறிந்தேன். இதை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. இங்கிலாந்து விவசாயிகள் எங்களுக்கு முன்னமே இப்படித்தான் உழுதார்கள். கொவென்றியில் 1946 இலிருந்து 1956 வரை செய்த சாம்பல் நிறப் பேர்குசன் உழவு இயந்திரத்தில் மண்ணெண்ணெய் வகை எண்ணெயில் ஓடுகிற மொடல் ஒன்று இருந்தது. பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, சூடான பிறகு எண்ணெய்க்கு மாத்தி, நிப்பாட்ட முதல் திரும்பப் பெற்றோலுக்கு மாத்துவார்கள். அப்பாவும் வீட்டு ஒழுங்கைக்குத் திரும்ப முதல் அதைத்தான் செய்வார். ஒரு வித்தியாசம்: அந்த இயந்திரத்தைக் கொம்பனியே அதற்கென்று செய்தது. விவசாயி மலிவுக்காக விரும்பி ஓடினான். எங்களுக்கு வேறு வழி இல்லை.

1993 இல் ஒரு இரவு தங்கச்சிக்குக் காய்ச்சல் கூடி வலிப்பு வந்தது. இணுவிலிலிருந்து பெரியாஸ்பத்திரிக்குப் போக வேணும். அப்பா ஓட, அம்மா தங்கச்சியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் இருந்தா. நான் சைக்கிளில் கலைச்சுக்கொண்டு போனேன். தாவடி, கொக்குவில் தாண்டியாச்சு. தட்டாதெருச் சந்திக்குக் கிட்ட ஹெலி சத்தம் கேட்டது. அப்பா லைற்றை நிப்பாட்டி ஒரு மதில் ஓரம் ஒதுக்கினார். வண்டி நூர்ந்தது. மருந்துப் போத்தலில் பெற்றோல் இல்லை. புறப்பட்ட அவசரத்தில் முழுவதையும் வீட்டிலேயே விட்டு முடித்துவிட்டார். தள்ளினோம். உதைத்தோம். அம்மா தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கினா.

அப்ப ஒரு வீட்டுப் படலை திறந்தது. வயசான ஒருவர் வெளியே வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு சின்னப் போத்தல் கொண்டுவந்து அப்பாவின் கையில் தந்தார். "இவ்வளவுதான் கிடக்கு தம்பி, முழுக்க விடு" எண்டார். வண்டி ஸ்ராட் ஆனது. தங்கச்சி பிழைத்தாள். இண்டைக்கு அவளுக்கு இரண்டு பிள்ளைகள்.

அப்பா பிறகு போத்தலை நிரப்பிக்கொண்டு அந்த வீட்டைத் தேடிப் போனார். இரண்டு முறை போயும் வீட்டில் ஆள் இல்லை. 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தது. எங்கட எம்.டி.90 சாவகச்சேரிக்குப் போகிற வழியில், சனத்துக்குள் ஓட முடியாமல் தள்ளிக்கொண்டே போனது.

இப்ப கலியாண வீடுகளில் ஆம்பிளைகள் கூடினால் இந்தக் கதை வரும். "மண்ணெண்ணெயிலயே மோட்டச்சைக்கிள் ஓடின ஆக்களடா நாங்கள்" எண்டு பெருமை பேசுவார்கள். எனக்கும் அந்தப் பெருமை கொஞ்சம் உண்டு, இல்லை எண்டு சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வண்டி ஓட்டின மண்ணெண்ணெய்தான் பிள்ளைகள் படிக்கிற விளக்குக்கும் வேணும். காசு உள்ளவன் வண்டிக்கு விட்டான். இல்லாதவன் ஏழு மணிக்கே விளக்கை நூர்த்தான். அதையும் சேர்த்துச் சொல்ல வேணும். மதில் ஓரம் நூர்ந்த வண்டி திரும்ப ஸ்ராட் ஆகாத வீடுகளும் இருக்கும். அவர்கள் கலியாண வீட்டில் இந்தக் கதையைச் சொல்லமாட்டார்கள்.

2022 இல் இலங்கை முழுக்கப் பெற்றோல் இல்லாமல் போனது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் எண்டு கியூஆர் அட்டை கொடுத்தார்கள். எங்கட கடையில் கோப்பை கழுவுகிற நீர்கொழும்புச் சிங்களவர் ஒருவர், "நீங்கள் ஐஞ்சு வருசம் எப்படிச் சமாளிச்சீங்கள்?" எண்டு கேட்டார். அண்டைக்குத்தான் முதல் முறையாக ஒரு சிங்களவர் என்னிடம் இதைக் கேட்டார். அவருக்கும் இந்த மருந்துப் போத்தல் கதையைத்தான் சொன்னேன்.

தம்பியின் சி90 க்கு வருவம். காபரேற்றரைக் கழற்றிப் பார்த்தால் அடியில் மண்ணிறமாகப் பிசின். 2021 செப்ரெம்பரிலிருந்து இங்கே சாதாரணப் பெற்றோலில் பத்து வீதம் வரை எதனோல் கலக்கிறார்கள். அது ஈரத்தை இழுக்கும். ஓடாமல் விட்டுவைத்தால் சின்ன ஜெற்றின் மயிர் அளவு ஓட்டை அடைபடும். மருந்தடித்து, காற்றடித்துச் சுத்தம் செய்தோம். கம்பி விடக் கூடாது, ஓட்டை பெருத்துவிடும். வால்வு இடைவெளியை 0.05 மில்லிமீற்றருக்கு வைத்தோம். சூடாக்கிவிட்டு ஐடில் ஸ்குறுவைக் கொஞ்சம் உள்ளே திருப்பினேன்.

பிறகு நானே அதை ஹை றோட்டில் ஓடிப் பார்த்தேன். சிவப்பு லைற்றில் நிப்பாட்டினேன். நூரவில்லை. ஆனாலும் என்ர கை அக்சிலேற்றரை முறுக்கிக்கொண்டே நிண்டது.