தாக்குப்பிடிக்கும் திறன் (இயல்மொழிச் செயலாக்கம்)

எழுத்துப்பிழை, மாற்றிச் சொன்ன சொல், இடையே செருகிய தொடர்பில்லாத வாக்கியம் ஆகியவற்றைக் கண்டு தடுமாறாமல் கணினி மொழியைக் கையாளும் திறன்.

தொடக்கம்: அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் டெரி வினோகிராட் 1970 வாக்கில் உருவாக்கிய ஷ்ரட்லு நிரல், ஆங்கிலத்தில் இட்ட கட்டளையைப் புரிந்துகொண்டு திரையில் இருந்த கட்டைகளை இடம் மாற்றியது. ஆனால் கட்டைகளைத் தாண்டிய பேச்சு எதற்கும் அது உதவவில்லை. கையால் எழுதிய விதிகள் மக்களின் உண்மையான பேச்சுக்கு ஈடுகொடுக்கவில்லை. 1972இல் ஐ.பி.எம்.மில் சேர்ந்த ஃபிரெடெரிக் ஜெலினெக்கின் குழு, பேச்சறிதலில் விதிகளுக்குப் பதிலாக நிகழ்தகவை நம்பியது. பிற்காலத்தில் துறை முழுவதும் அவ்வழியே சென்றது.

மதிப்பெண்ணும் வாசிப்பும்: 2016இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம், விக்கிப்பீடியா பத்திகளைப் பற்றிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வினாக்களைத் திரட்டி ஸ்குவாட் என்ற தொகுப்பை வெளியிட்டது. பத்தியை வைத்து அவ்வினாக்களுக்கு விடை சொன்ன நிரல்களின் மதிப்பெண்கள் மளமளவென உயர்ந்தன. அவை உண்மையில் வாசிக்கின்றனவா என்று 2017இல் ராபின் ஜியாவும் பெர்சி லியாங்கும் சோதித்தனர். அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பௌல் 33 ஆட்டத்தில் 38 வயதில் ஆடிய குவார்ட்டர்பேக் யார் என்பது ஒரு வினா. விடை ஜான் எல்வே. சாம்ப் பௌல் 34இல் ஜெஃப் டீன் 37ஆம் எண் சட்டை அணிந்ததாக ஒரு கற்பனை வாக்கியத்தைப் பத்தியின் கடைசியில் சேர்த்ததும், நிரல் ஜெஃப் டீன் என்றது. ஆட்டமும் வேறு, எண்ணும் வேறு. சொற்களின் சாயல் மட்டுமே ஒன்று. இவ்வகைச் சோதனையில் 16 நிரல்களின் சராசரி மதிப்பெண் 75இலிருந்து 36 விழுக்காடாகச் சரிந்தது. 2018இல் ஸ்குவாடின் இரண்டாம் பதிப்பில், பத்தியில் விடையே இல்லாத 50,000க்கும் மேற்பட்ட வினாக்கள் சேர்க்கப்பட்டன. பழைய தொகுப்பில் 86 விழுக்காடு பெற்ற வலுவான நிரல் இதில் 66 மட்டுமே பெற்றது.

குறுக்குவழிகள்: 2019இல் தாமஸ் மெக்காய், எல்லி பாவ்லிக், டால் லின்சென் ஆகியோர் இத்தகைய தடுமாற்றத்தின் காரணத்தை நெருங்கிப் பார்த்தனர். நடிகர் மருத்துவருக்குப் பணம் கொடுத்ததைச் செயப்பாட்டு வினையில் ஆங்கிலத்தில் எழுதி, மருத்துவர் நடிகருக்குக் கொடுத்தார் என்று பொருளாகுமா எனக் கேட்டால், நிரல்கள் ஆம் என்றே சொல்ல முனைந்தன. இரண்டு வாக்கியங்களிலும் ஏறத்தாழ அதே சொற்கள் இருந்ததே காரணம்.

புதிய சோதனை முறை: 2020இல் மார்க்கோ துலியோ ரிபேரோவும் வேறு மூவரும் வெளியிட்ட செக்லிஸ்ட், மென்பொருளைப் பகுதி பகுதியாகச் சோதிப்பதுபோல, எதிர்மறை, பெயர் மாற்றம், எழுத்துப்பிழை என ஒவ்வொரு திறனையும் தனித்தனியே சோதிக்கிறது. சந்தையில் விற்பனையில் இருந்த நிரல்களும் எளிய எதிர்மறை வாக்கியங்களில் தவறின. அவ்வாண்டு கணினி மொழியியல் சங்கத்தின் (ஏ.சி.எல்.) மாநாட்டின் சிறந்த கட்டுரை விருது இதற்கே கிடைத்தது.