ஒரு யூனிட் வண்டியேறிய கதை

ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் புகும் காற்று, முப்பந்தல் காற்றாலைகளை ராத்திரியிலும் ஓயவிடாது. அப்படி ஓர் இரவில் அங்கே பிறக்கும் ஒரு யூனிட் மின்சாரத்தின் பின்னாலேயே போவோம். ஈ.பி. மீட்டரில் ஒன்று கூடினால் எவ்வளவோ, அவ்வளவு. மின்சாரக் காரில் இதை வைத்து ஆறேழு கிலோமீட்டர் ஓடலாம். கம்பியில் கலந்தபின் முப்பந்தல் யூனிட் எது, கூடங்குளம் யூனிட் எது என்று பிரிக்க யாராலும் ஆகாது. கதைக்காக நம்முடையதன் மேல் மட்டும் ஒரு பொட்டு வைத்துக்கொள்வோம்.

காற்றாலைக்குள் சில நூறு வோல்ட்டில் பிறந்த யூனிட் அங்கேயே 33,000 வோல்ட்டுக்கு ஏறுகிறது. கயத்தாறு போன்ற துணை மின்நிலையங்களில் 2,30,000, 4,00,000 என்று இன்னும் உயர்கிறது. சக்தி மாறாமல் வோல்ட் ஏறினால் ஆம்பியர் குறையும். கம்பியைச் சூடாக்குவது ஆம்பியர்தான். அதற்காகத்தான் இவ்வளவு ஏற்றம். பிறகு 11,000 வோல்ட்டாக இறங்கி, தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வழியாக 230 வோல்ட்டாகச் சென்னையில் ஒரு வீட்டுச் சுவருக்குள் வந்து நிற்கிறது. எழுநூறு கிலோமீட்டர் வந்தும் ஒரு நொடிகூட ஆகவில்லை. அந்தச் சுவரிலிருந்து காருக்கு ஐந்து மீட்டர் ஒயர். அதைத் தாண்டத்தான் பதினெட்டு நிமிடம்.

வீட்டில் இருப்பது 16 ஆம்ப் பவர் பிளக். காரோடு கொடுக்கும் கேபிள் அதிலிருந்து ஏறக்குறைய 3.3 கிலோவாட் இழுக்கும். அந்த வேகத்தில் ஒரு யூனிட் உள்ளே போகப் பதினெட்டு நிமிடம். சித்திரை மாதச் சாயங்காலம், தெருவில் எல்லா வீட்டிலும் ஏ.சி. ஓடி வோல்டேஜ் 190-க்கு இறங்கிவிட்டால் இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். எர்த் சரியில்லை என்றால் கேபிள் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும், யூனிட் வாசலிலேயே நின்றுவிடும். பலர் காரைக் குறை சொல்வது இந்த இடத்தில்தான். கூப்பிட வேண்டியது எலக்ட்ரீஷியனை. இன்னொன்றையும் அவரிடம் காட்டுங்கள். அயர்ன் பாக்ஸுக்கென்று போட்ட பிளக்கில் எட்டு மணி நேரம் 14 ஆம்பியர் ஓடினால், பின் நுழையும் ஓட்டையைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் முதலில் மஞ்சளாகும், அப்புறம் பழுப்பாகும். காருக்கென்று தனி எம்.சி.பி., தனி நாலு ஸ்கொயர் ஒயர், நல்ல சாக்கெட் போடுவதற்கு ஆகும் செலவு வீண் போகாது.

சுவரில் 7.2 கிலோவாட் பெட்டி மாட்டினால் எட்டரை நிமிடத்துக்குள் வேலை முடிகிறது. அந்தப் பெட்டியைச் சார்ஜர் என்கிறோம். நிஜமான சார்ஜர் காருக்குள் இருக்கிறது. வீட்டுக்கு வருவது ஏ.சி. மின்சாரம், பேட்டரி வாங்குவது டி.சி. மட்டும், மாற்றித் தரும் கருவியைக் காரிலேயே வைத்திருக்கிறார்கள். 2020-ல் வந்த முதல் நெக்ஸான் ஈவியில் அது 3.3 கிலோவாட். வெளியே 22 கிலோவாட் பெட்டியே வைத்தாலும் அந்த வண்டி 3.3-க்கு மேல் எடுக்காது. பெட்டிக்குப் பணம் கட்டுமுன் காரின் கையேட்டில் இந்த எண்ணைப் பார்த்துவிடுவது நல்லது.

நம் யூனிட் வீட்டுப் பக்கம் வராமல் நெடுஞ்சாலைக்குப் போயிருந்தால்? சென்னை–திருச்சி சாலையில் ஒரு ஹோட்டல் வாசலில் டி.சி. சார்ஜர் நிற்கிறது. ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் கருவி இங்கே காருக்கு வெளியே, ஆளுயரப் பெட்டிக்குள் இருக்கிறது. கிராமத்துக் கம்பத்தில் தொங்கும் 63 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மரை இப்படி ஒரு 60 கிலோவாட் பெட்டியே முழுக்க விழுங்கிவிடும். பெரிய சார்ஜிங் நிலையங்களுக்குப் பக்கத்தில் தனி டிரான்ஸ்ஃபார்மர் வைப்பது அதனால்தான்.

சார்ஜர் கேபிளின் முனையில் இருக்கும் கன்னைச் செருகியதும் ஓட்டுநர் திரையைப் பார்க்கிறார். பெட்டியில் 60 என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது, திரையில் 41. ஏமாற்று வேலை என்று தோன்றும். பெரும்பாலும் அப்படியில்லை. 60 என்பது உயர்ந்த வோல்ட்டில் போட்ட கணக்கு. காரின் பேட்டரி 330 வோல்ட்டில் நிற்கிறது, கன்னின் உச்சவரம்பு 125 ஆம்பியர் என்றால், பெருக்கிப் பாருங்கள், 41 கிலோவாட்தான் வரும். மாநிலம் முழுக்கக் கம்பியில் நடந்த அதே வோல்ட், ஆம்பியர் கணக்கு இங்கே கேபிளுக்குள் நடக்கிறது. ஹூண்டாய் அயோனிக் 5 போன்ற கார்கள் 800 வோல்ட் ரகத்துக்குப் போனதும் இதற்காகவே. 350 கிலோவாட் சார்ஜர் கிடைத்தால் அது 10-லிருந்து 80 சதவீதத்துக்குப் 18 நிமிடத்தில் ஏறும் என்கிறது நிறுவனம். ஒரு யூனிட்டுக்கு அரை நிமிடம்கூட முழுதாக ஆகாது. இதற்கிடையில் பக்கத்துக் கன்னை இன்னொருவர் எடுத்துச் செருகினால், பல பெட்டிகளில் 60 கிலோவாட் முப்பது முப்பதாகப் பங்கு பிரிந்துவிடும். ஆளில்லாத பெட்டி இருந்தால் கொஞ்சம் தள்ளியிருந்தாலும் அங்கே போவதே லாபம்.

எந்தப் பெட்டியும் காருக்குள் மின்சாரத்தைத் திணிப்பதில்லை. காரின் பி.எம்.எஸ்., அதாவது பேட்டரியை மேய்க்கும் கணினி, இவ்வளவு வோல்ட், இவ்வளவு ஆம்பியர் என்று கன் வழியாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். பெட்டி தன்னால் முடிந்தவரை அதைக் கொடுக்கும். 50 கிலோவாட்டுக்கு மேல் வாங்காத காரை 240 கிலோவாட் சார்ஜரில் நிறுத்தினாலும் 50-தான் வரும். கணினி எதற்குப் பயந்து அளந்து கேட்கிறது என்பது செல்லுக்குள் போனால்தான் தெரியும்.

அங்கே நம் யூனிட்டுக்கு ரூபம் மாறுகிறது. லித்தியம் அயனிகள் ஒரு தகட்டை விட்டுக் கிளம்பி, திரவத்தைக் கடந்து, எதிர்ப்பக்கத்துக் கிராஃபைட்டுக்குள் புகுகின்றன. பென்சிலில் எழுதுகிற அதே கிராஃபைட்தான்; மெல்லிய அடுக்கு அடுக்காக இருக்கும். ஆறு கார்பனுக்கு ஒரு லித்தியம் என்பது அதன் கொள்ளளவு. கரியாக இருந்த கிராஃபைட் நிறைய நிறைய நீலமாகி, சிவந்து, முழுக்க நிறைந்ததும் தங்க நிறத்தில் மின்னும். ஆய்வகத்தில் செல்லைத் திறந்தவர்கள் மட்டுமே பார்க்கும் நிறம் அது. பாதி காலியாக இருக்கும்வரை அயனிகளுக்குச் சிரமமில்லை. நிறைந்து வரும்போதும் அதே வேகத்தில் தள்ளினால், உள்ளே புக நேரமில்லாத லித்தியம் கிராஃபைட்டின் மேலேயே உலோகப் படலமாகப் படியும். படிந்ததில் ஒரு பங்கு திரும்பப் பயன்படாது. பேட்டரியின் ஆயுளில் கழிந்துவிடும். அது வளர்ந்து மறுபக்கத்தைத் தொட்டால் ஷார்ட் சர்க்யூட்டே ஆகலாம்.

ஆகவேதான் 80 சதவீதம் தாண்டியதும் கணினி கையைச் சுருக்கிக்கொள்கிறது. இருபது சதவீதத்தில் 50 கிலோவாட் வேகத்தில் எழுபது நொடி சொச்சத்தில் நுழைந்த யூனிட், தொண்ணூற்றைந்தில் வேகம் 6 கிலோவாட்டாகச் சுருங்கியிருந்தால் பத்து நிமிடம் எடுக்கும். கம்பெனி விளம்பரங்கள் 80-உடன் நிறுத்திக்கொள்வதன் ரகசியம் இது. தொலைதூரப் பயணத்தில் 15-இல் செருகி 75, 80-இல் கழற்றிக் கிளம்பினால், நூறு ஆகட்டும் என்று உட்கார்ந்திருப்பவருக்கு முன்னால் ஊர் போய்ச் சேரலாம். வரிசையில் காத்திருப்பவரும் வாழ்த்துவார்.

குளிர்ந்த பேட்டரியில் அயனிகள் மெதுவாக நகரும். மார்கழி விடியலில் ஊட்டியில் சார்ஜ் மந்தமாவது அதனால். அங்கே மலையேறி வந்த சூட்டோடு ராத்திரியே போட்டுவிடுவது புத்திசாலித்தனம். நம் சமவெளியில் தொல்லை வேறு. மே மாத மதியம், நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடி வந்து உடனே கன்னைச் செருகினால், பேட்டரியைக் காக்கக் கணினி வேகத்தைக் குறைக்கும். ஏ.சி. கம்ப்ரசர் பேட்டரியைக் குளிர்விக்கக் கிளம்பும். அதற்கான கூலியும் நாம் காசு கொடுத்த யூனிட்டுகளிலிருந்தே போகும். வீட்டில் சார்ஜ் போடும்போதும் சேதாரம் உண்டு. மீட்டரில் ஓடிய ஒரு யூனிட்டில் பேட்டரிக்குள் போய்ச் சேர்வது பொதுவாக 85, 90 சதவீதம்தான். மெதுவாகப் போட்டால் மிச்சம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் சார்ஜ் ஏறும்வரை காரின் கருவிகள் சில நூறு வாட்டைத் தின்றுகொண்டே இருக்கும். 2 கிலோவாட்டில் இரவெல்லாம் போடுவதைவிட 7-இல் சீக்கிரம் முடிப்பதில்தான் சேதாரம் குறைவு.

தினப்படி ஓட்டத்துக்கு எண்பதோடு நிறுத்தலாம் என்பது நிக்கல் கலந்த பேட்டரிகளுக்கான விதி. எல்.எஃப்.பி. (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) ரகமாக இருந்தால் அவ்வப்போது நூறு வரை விடச் சொல்கிறார்கள், இல்லாவிட்டால் எவ்வளவு மிச்சம் என்று கணினிக்கே கணக்குத் தவறும்.

அதற்கும் ஒரு விலக்கு உண்டு, மலையூர்க்காரர்களுக்கு. கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்குச் சுமார் 1,800 மீட்டர் இறக்கம். ஆட்களோடு 1,700 கிலோ வரும் கார் அதில் இறங்கும்போது கணக்குப்படி 8 யூனிட் விடுபடுகிறது. பாதி வீணானாலும் மீதியை மோட்டார் ரீஜென் மூலம் பேட்டரிக்கே திருப்பி அனுப்பும். மேலேயே நூறு ஏற்றிவிட்டுக் கிளம்பினால் வாங்கிக்கொள்ள உள்ளே இடமிருக்காது, ரீஜென் பிடிக்காது, கொண்டை ஊசி வளைவு முழுக்கப் பிரேக்கைத்தான் மிதிக்க வேண்டும். எந்தப் பேட்டரியானாலும் அங்கே 85-இல் கழற்றிவிடுங்கள்.