கடைவீடு பிழைத்த கதை

சிங்கப்பூருக்கு 1822இல் நகரத் திட்டம் வகுக்கச் சொன்ன பிரிட்டிஷ் நிர்வாகி ராஃபிள்ஸ் இரண்டு வகை விதிகளை விதித்தார். யார் எங்கே குடியிருப்பது என்பது ஒரு வகை: ஐரோப்பியர், சீனர், சூலியா எனப்பட்ட தென்னிந்தியர், புகிஸ், அரபியர் என்று ஆளுக்கொரு பகுதி. கட்டடம் எப்படி நிற்பது என்பது இன்னொரு வகை: செங்கல் சுவர், ஓட்டுக்கூரை, தெருவைப் பார்த்த ஒவ்வொரு வீட்டின் முன்னும் எந்நேரமும் திறந்த தாழ்வாரம். முதல் வகை விதி விரைவிலேயே நெகிழ்ந்தது. 1827இல் நாராயண பிள்ளை எழுப்பிய மாரியம்மன் கோயிலும், அருகிலுள்ள ஜாமியா சூலியா பள்ளிவாசலும் இன்றைய சைனாடவுனுக்குள்தான் இருக்கின்றன. இரண்டாம் வகையோ நூறாண்டைத் தாண்டி நின்றது. அங்குள்ள தமிழர் 'ஐந்தடி' என்று சொல்லும் நடைவழி அதன் மிச்சம். காரணம் எளிது. அந்த விதி தெருவைக் கட்டுப்படுத்தியது. சுவருக்குள் நடக்கும் பிழைப்பில் தலையிடவில்லை. ஆகவே ஒரே கடைவீடு காலத்துக்கேற்ப மளிகைக் கடையாகவும் பட்டறையாகவும் மாறியது, மாடியில் குடும்பமும் இருந்தது. வட்டித்தொழில் நடந்த மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளில் செட்டியார்கள் பகலில் கணக்கெழுதிய தரையிலேயே இரவில் படுத்தார்கள்.

இந்தக் கலப்புதான் நோயையும் நெரிசலையும் தந்தது என்பார்கள். குற்றச்சாட்டு பொய்யல்ல, காரணம்தான் தவறு. 1907இல் சிங்கப்பூரின் சுகாதார நிலையை ஆராய்ந்த டாக்டர் சிம்ப்சன், நீண்டு ஆழமான வீடுகளில் வெளிச்சமும் காற்றும் புகாததையும், அறைகளைச் சிறு தடுப்புகளாக்கி ஆட்களை அடைத்ததையும் சுட்டிக்காட்டி, பின்சந்துகளை வெட்டச் சொன்னார். அவர் கேட்டதும் கட்டட வடிவ விதிதான். கீழே கடை இருந்ததால் யாருக்கும் காசம் வரவில்லை. ஐந்தடியைக் கடைக்காரர்கள் ஆக்கிரமித்தார்கள் என்ற புகாரில் கூடுதல் நியாயம் உண்டு. 1888இல் நகராட்சி அந்த ஆக்கிரமிப்பை அகற்ற முனைந்தபோது கடையடைப்பும் கலவரமும் மூண்டன. பொதுவழி யாருடையது என்ற அந்த வழக்கு இன்றும் எந்த ஊரில்தான் தீர்ந்தது?

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏராளமான கடைவீடுகள் இடிபட்டன. எஞ்சியவை நின்ற பல இடங்களை 1989இல் அரசு பாதுகாப்புப் பகுதிகளாக அறிவித்தது. 1995இல் அதே அரசு 'வெள்ளை மனை' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது: மொத்தத் தளப்பரப்புக்கு வரம்பு உண்டு, அதற்குள் கடையா, அலுவலகமா, வீடா என்பதைக் கட்டுபவரே முடிவுசெய்யலாம். பழைய அறிவு திரும்பியது, ஆனால் பெரிய மனையை ஏலத்தில் எடுக்க வசதியுள்ளவருக்கு மட்டும். சிறு வணிகருக்கும் அந்த உரிமையைத் தந்த வகையில் கடைவீடே மேலான திட்டம்.