பூ ஸஆதாவின் ஓவியர் நஸ்ருத்தீன் தீனே

ஓவியக் கலையையும் இஸ்லாத்தையும் இணைத்துப் பேச்செழும்போதெல்லாம் நம்மவர் நினைவில் முதலில் எழுவது உருவம் வரைதல் பற்றிய விலக்கலே. விலக்கல் கலைஞனின் கையைக் கட்டிவிடுமா, அன்றி அவனுக்கு வேறொரு வாயிலைத் திறந்துவிடுமா? இவ்வினாவுக்குத் தம் வாழ்வாலேயே விடை தேடிய ஒருவரை இங்கு நினைவுகூர விழைகிறோம். அவர் பிரான்சு நாட்டு ஓவியர் எத்தியேன் தீனே.

1861இல் பாரிஸ் நகரில் பிறந்த தீனே, அங்கேயே முறையாக ஓவியம் பயின்றார். 1884இல் பூச்சியியல் அறிஞர் சிலருடன் முதன்முறை அல்ஜீரியா சென்றார். அன்று அந்நாடு பிரான்சின் ஆதிக்கத்தில் இருந்தது. பாலைவன ஒளி அவரை ஆட்கொண்டது. மறு ஆண்டே மீண்டும் சென்றார். அரபு மொழியைக் கற்றார். ஸுலைமான் பின் இப்ராஹீம் என்னும் அல்ஜீரிய முஸ்லிம் அவருக்கு வாழ்நாள் தோழராக வாய்த்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பூ ஸஆதா என்னும் பாலைவனச் சோலையூரில் தீனே வீடு அமைத்துக் கொண்டார். 'மகிழ்ச்சிக்குரிய இடம்' எனப் பொருள் கொள்ளத்தக்க பெயர் அது.

கீழ்த்திசைக் காட்சிகளைத் தீட்டிய ஐரோப்பிய ஓவியர் பலர், சில மாதங்கள் தங்கிக் குறிப்பெடுத்துத் திரும்பியவர்கள். தீனே அண்டை வீட்டாராக வாழ்ந்தார். எனினும் ஒன்றை மறைப்பது நேர்மையாகாது. நடன மாதரையும் நீராடும் பெண்களையும் அவர் ஏராளமாக வரைந்தார். பாரிஸ் கலைச் சந்தை விரும்பிய கீழ்த்திசை அதுவே. அவற்றை நாம் போற்ற இயலாது; அவையும் அவருடையவையே என்பதை மறுக்கவும் இயலாது.

1913இல் அவர் தாம் இஸ்லாத்தை ஏற்றதை வெளிப்படையாக அறிவித்து, நஸ்ருத்தீன் எனப் பெயர் பூண்டார். முதல் உலகப் போரில் பிரான்சுக்காக மாண்ட முஸ்லிம் வீரர்களின் அடக்கத்தலங்களுக்கு நடுகல் மாதிரி வரைந்தளித்தவரும் அவரே. 1918இல் அவரும் ஸுலைமானும் இணைந்து அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்க்கை வரலாற்றைப் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டு, அவ்வீரர்களின் நினைவுக்கே அதனை உரித்தாக்கினர்.

நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை இந்நூலில் இருக்கிறது. ஓர் ஓவியர் ஸீரா நூலுக்குப் படம் வரைகிறார். ஆயினும் அண்ணலாரின் திருவுருவை வரையவில்லை. மாறாக, தம் காலத்துப் பாலைவன முஸ்லிம்களின் தொழுகையையும் துஆவையும் தீட்டினார். நூலின் அணியலங்காரப் பக்கங்களை அல்ஜீரியக் கலைஞர் முஹம்மத் ராஸிம் வரைந்தார். நபிகளாரைக் காட்ட அவர்தம் உம்மத்தையே காட்டினார் தீனே எனலாம். உயிருருவங்களை வரைவது குறித்து ஃபிக்ஹு அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவ்விவாதத்துக்கு இவர் தீர்ப்பளித்தார் என நாம் வாதிடவில்லை. ஓர் எல்லையைப் பேணியதால் அவர் கலை வறுமையுறவில்லை. அது பார்க்க வேண்டிய திசையைக் கண்டுகொண்டது என்பதே நாம் சொல்ல வருவது.

1921இல் இருவரும் வெளியிட்ட மற்றொரு நூல், நபி வரலாற்றை எழுதிய கீழ்த்திசையியல் அறிஞர்களின் முறையைக் கண்டித்தது. மேற்கின் கண்ணால் கிழக்கைப் பார்க்கப் பயின்றவரே அக்கண்ணின் குறையைச் சுட்டினார் என்பது கருதத்தக்கது.

1929இல், 68ஆம் வயதில், ஸுலைமானுடன் ஹஜ்ஜுக் கடமையை நிறைவேற்றினார். அவ்வாண்டு டிசம்பரில் பாரிஸில் காலமானார். அவர் விருப்பப்படியே ஜனாஸா கடல் கடந்து கொண்டு செல்லப்பட்டு, 1930 ஜனவரியில் பூ ஸஆதாவில் நல்லடக்கம் செய்யப்பட்டது. அல்ஜீரியாவைக் கைப்பற்றியதன் நூற்றாண்டைப் பிரான்சு கொண்டாடிய ஆண்டு அது. ஆண்ட இனத்தில் பிறந்த ஒருவர், ஆளப்பட்டோரின் மண்ணில் அவர்களுள் ஒருவராகத் துயில்கொண்டார். விடுதலை பெற்ற அல்ஜீரியாவும் அவரை அந்நியராக ஒதுக்கவில்லை. பூ ஸஆதாவில் அவர் பெயரால் ஓர் அருங்காட்சியகம் அமைத்தது.

அல்லாஹ் அவர்தம் பிழைகளைப் பொறுத்து, நற்பணிகளை ஏற்றருள்வானாக.