அமைப்பு என்னும் கருத்து

ஐரோப்பிய மொழிகளில் அமைப்பைக் குறிக்கும் சொல், கட்டுதல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையினின்று பிறந்தது. ஆதியிற் கட்டடத்துக்கே உரியதாயிருந்த அச்சொல் இரசாயனத்திற் சிறப்பிடம் பெற்றமைக்கு ஒரு புதிர் காரணமாயிற்று.

1820களில் ஜேர்மனியரான லீபிக் வெடிக்கும் இயல்புள்ள வெள்ளிச் சேர்வை ஒன்றை ஆராய்ந்தார். அவர் நாட்டவரான வோலர் ஆராய்ந்த வெள்ளிச் சேர்வையோ அவ்வாறு வெடிப்பதன்று. பகுத்து நோக்கியபோது இரண்டிலும் வெள்ளி, காபன், நைதரசன், ஒட்சிசன் ஆகிய மூலகங்கள் ஒரே விகிதத்தில் இருக்கக் காணப்பட்டன. வோலரின் கணிப்புப் பிழையென்றே லீபிக் முதலிற் கருதினார். பிழையோ எவரிடத்தும் இல்லை. பொருளின் இயல்பு அதன் கூறுகளில் மட்டுமன்றி, அவை கூடிநிற்கும் முறையிலும் தங்கியுள்ளது என்பது மெல்ல மெல்லத் தெளிவாயிற்று. 1861 இல் உருசியரான பட்லரோவ் 'இரசாயன அமைப்பு' என்னுங் கொள்கையை வகுத்துரைத்தார். 1865 இல் கெக்கூலே பென்சீனின் ஆறு காபன் அணுக்களையும் ஒரு வளையமாக இணைத்துக் காட்டினார்.

மொழியியலார் இக்கருத்தை இரசாயனத்தினின்று கடன்கொண்டனர் என்றல் பொருந்தாது. 1907 முதல் 1911 வரை செனீவாவில் விரிவுரையாற்றிய சோசூர் மொழியைச் சதுரங்கத்துக்கு ஒப்பிட்டார். குதிரைக்காய் தொலைந்தால் வேறெப்பொருளையும் அதனிடத்தில் வைத்து ஆடலாம். காயின் மதிப்பு ஏனைய காய்களோடு அது கொள்ளுந் தொடர்பிலேயே உளது.

இவ்வழிவந்த யாக்கோப்சனை இரண்டாம் உலகயுத்த காலத்தில் நியூயோர்க்கிற் சந்தித்த பிரெஞ்சு மானிடவியலார் லெவி-ஸ்திரோசு, அவ்வெண்ணத்தை உறவுமுறை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தினார். 1949 இல் வெளிவந்த அவரது நூல், மாமன் மகளை மணத்தற்குரியவளாகவும் சிற்றப்பன் மகளை உடன்பிறந்தாளாகவுங் கொள்ளும் வழக்கத்தை ஆராய்கின்றது. மச்சாள் யார், தங்கை யார் என்பது யாழ்ப்பாணத்துச் சிறுவர்க்குந் தெரியும். ஏன் என்பதே வினா. இரத்தத் தொடர்பின் அளவு இருவரிடத்தும் ஒன்றே. வேறுபாடு, குடிகளுக்கிடையே நிகழுங் கொள்வினை கொடுப்பினையிற் கிடக்கின்றது என்றார் அவர். வெள்ளிச் சேர்வைகளின் கதையே மீண்டும் நிகழ்ந்தாற் போன்றது இது. அந்நூலின் ஒரு பகுதியைக் கணித அறிஞர் அந்திரே வெயில் எழுதியமையுங் குறிப்பிடத்தக்கது.

எனினும் இவ்வொப்புமையை எல்லை கடந்து நீட்டுதல் தகாது. ஊகமாகத் தொடங்கிய கெக்கூலேயின் வளையத்தை, 1929 இல் கதலீன் லொன்சுடேல், பென்சீன் வழிச்சேர்வை ஒன்றின் பளிங்கில் எக்ஸ் கதிர்களைச் செலுத்தித் தட்டையான அறுகோணமென நிறுவினார். மணமுறையின் அமைப்பைச் சோதிக்க அத்தகைய கருவி எதுவுமில்லை. 1940 இல் ஆங்கிலேயரான இராட்கிளிவ்-பிரவுண், சமூக அமைப்பு நேரிற் காணத்தக்க உறவுகளின் வலையே என்றார். லெவி-ஸ்திரோசோ, காணப்படும் உறவுகள் மூலப்பொருள் மாத்திரமே என்றும், அமைப்பு என்பது அவற்றைக்கொண்டு ஆய்வாளர் ஆக்கும் மாதிரியுருவைச் சார்ந்ததென்றும் பின்னர் எழுதினார்.