நேதாஜியைச் சுமந்த நீர்மூழ்கி

இரண்டாம் உலக மகாயுத்தம் என்றதும் இலங்கையராகிய எமது நினைவுக்கு முதலில் வருவன, 1942 ஏப்ரல் 5ஆந் திகதி கொழும்பிலும் 9ஆந் திகதி திருகோணமலையிலும் யப்பானிய விமானங்கள் வீசிய குண்டுகளேயாம். வில்கமுவப் பகுதியைத் தொட்டோடும் மகாவலி கங்கை திருகோணமலைக் கடலிலேதான் கலக்கிறது. அக்கடலுக்கப்பால் விரிந்த இந்து சமுத்திரத்தில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தையும், அதில் இடம்பெற்ற ஜேர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வரலாற்றையும் ஈண்டு ஆராய்வோம்.

யூ-180 என்பது அக்கப்பலின் பெயர். பிரேமன் நகரிற் கட்டப்பெற்று, 1942 மே மாதத்திற் கடற்படையிற் சேர்க்கப்பட்டது. வேர்னர் மூசன்பேர்க் என்பவர் அதன் தளபதி. ஏறக்குறைய 88 மீற்றர் நீளமான அக்கப்பலில், நீர்மட்டத்தின் மேல் விரைந்து செல்லும்பொருட்டு, விரைவுப் படகுகளுக்குரிய ஆறு டீசல் இயந்திரங்களைப் பூட்டினர். அவையோ அளவுக்கு மீறிச் சூடேறின, கரும்புகை கக்கின. மறைந்து திரியவேண்டிய கப்பலுக்குப் புகையே பகையாயிற்று.

1941இல் கல்கத்தாவில் வீட்டுக் காவலிலிருந்து தப்பிய சுபாஷ் சந்திர போஸ், ஆப்கானிஸ்தான், ருசியா வழியாக ஜேர்மனியை அடைந்தார். 1942 மே மாதத்தில் ஹிட்லரை நேரிற் சந்தித்தும், இந்திய விடுதலையை ஆதரிக்கும் பகிரங்கப் பிரகடனத்தை அவரால் பெற முடியவில்லை. எனவே கீழைத்தேயம் செல்லத் துணிந்தார். 1943 பெப்ரவரி 9ஆந் திகதி, ஆபித் ஹசன் என்னும் ஒரே துணைவருடன் கீல் துறைமுகத்தில் யூ-180இல் ஏறினார்.

அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து, ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றி அக்கப்பல் சென்றது. ஏப்ரல் 18ஆந் திகதி கோர்பிஸ் என்னும் பிரித்தானிய எண்ணெய்க் கப்பலை மூழ்கடித்தது. அதன் மாலுமிகளுட் பெரும்பாலோர் மாண்டனர். அம்மாத இறுதியில், மடகாஸ்கர் தீவுக்கப்பால், ஐ-29 என்னும் யப்பானிய நீர்மூழ்கியைச் சந்தித்தது. கடல் கொந்தளித்தது. ஏப்ரல் 28ஆந் திகதி போசும் ஹசனும் இறப்பர்த் தெப்பத்தில் ஏறி மறுகப்பலை அடைந்தனர். பதிலுக்கு இரு யப்பானியக் கடற்படை அதிகாரிகளும், இரண்டு தொன் தங்கமும் யூ-180க்கு வந்தன. மே மாதத் தொடக்கத்தில் போஸ் சுமாத்திராவின் சபாங் துறையிற் கரையேறினார்.

யூ-180 திரும்பும் வழியில், யூன் 3ஆந் திகதி போரிஸ் என்னும் கிரேக்கக் கப்பலை மூழ்கடித்து, யூலைத் தொடக்கத்தில் பிரான்சின் போர்தோ துறையைச் சேர்ந்தது. பின்னர் பழைய இயந்திரங்கள் அகற்றப்பட, சரக்கேற்றும் கப்பலாயிற்று. 1944 ஒகஸ்ட் மாதத்தில் மீண்டும் கீழைத்தேயம் நோக்கிப் புறப்பட்டு, பிஸ்கே விரிகுடாவில் மறைந்தது. அதிலிருந்த 56 பேரும் மாண்டனர். ஐ-29ஐ அதற்கு முந்திய மாதமே அமெரிக்க நீர்மூழ்கியொன்று அழித்துவிட்டது.

ஆயின், இவ்வரலாற்றிலிருந்து நாம் அறியவேண்டியது யாது? மலாயாத் தோட்டங்களிற் பால்வெட்டிய எம்மினத்து ஆடவரும் பெண்டிரும் போசின் குரல் கேட்டு இந்திய தேசிய இராணுவத்திற் சேர்ந்தனர். கூலியென்று குனிந்தவர் போர்வீரரென நிமிர்ந்தனர். அதே 1943இல், அதே தோட்டங்களிலிருந்து யப்பானியர் கொண்டுசென்ற பல்லாயிரம் தமிழர் சயாம் மரண இரயில்பாதையில் பசியாலும் வாந்திபேதியாலும் மடிந்தனர். போசை ஏற்றிச் சென்ற ஜேர்மனியோ அவ்வேளை யூதரை இலட்சக் கணக்கிற் கொன்றுகொண்டிருந்தது.

மலைநாட்டுத் தோட்ட மக்களின் அயலிலே வளர்ந்த நாம் இவற்றுள் ஒன்றைப் போற்றி, மற்றொன்றை மறத்தல் தகாது. நேதாஜியின் துணிவை வணங்குவோம். அவருக்கு வழிகொடுத்தோரின் கொடுமையையும் துணிந்து கூறுவோம். கோர்பிசில் மாண்ட மாலுமிக்கும், சயாமில் மாண்ட தமிழனுக்கும் வீட்டில் ஒரு தாய் காத்திருந்தாள். இலட்சியத்தைப் போலவே அதை அடையும் வழியையும் எடைபோட்டுப் பார்ப்பதே சரித்திரம் கற்போரின் கடமையாகும்.